பயனிலையும் திருமறையும்

தமிழ்த் திருமறையைச் சிறுவயது முதல் வாசித்துப் பழகிய நமக்கு 'ஆயிருக்கிறார்', 'ஆயிருக்கிறது', 'ஆயிருக்கிறேன்' என்னும் முடிவுகள் இயல்பாகவே தோன்றுகின்றன. திருச்சபைக்குப் புறம்பே உள்ள தமிழன்பர் ஒருவருக்கோ இம்முடிவுகளே 'கிறிஸ்தவத் தமிழ்' என்பதன் முதல் அடையாளம். பிரசங்கப் பயிற்சியின்போது, "சகேயு ஒரு பணக்காரனாயிருக்கிறான், எரிகோ ஒரு பட்டணமாயிருக்கிறது" என்று மாணாக்கர் தொடங்குவதை நாம் கேட்டதுண்டு. வீட்டில் அவர்கள் இப்படிப் பேசுவதில்லை. "அவன் பணக்காரன்" என்றே சொல்லுகிறார்கள். பிரசங்க பீடத்தில் ஏறியவுடன் ஒரு சொல் கூடுதலாக வந்து ஒட்டிக்கொள்ளுகிறது. அது எங்கிருந்து வந்தது, அதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். இது நடையைப் பற்றிய வினா மட்டுமன்று. கடவுளைக் குறித்தும் கிறிஸ்துவைக் குறித்தும் திருவிருந்தைக் குறித்தும் திருமறை கூறும் தலையாய கூற்றுகள் பல, 'இன்னார் இன்னார்', 'இது இது' என்னும் வடிவிலேயே அமைந்துள்ளன. அக்கூற்றுகளின் உயிர் பயனிலையில் இருக்கிறது.

எழுவாய் ஒன்றைச் சுட்டுகிறது. பயனிலை அதனைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லி வாக்கியத்தைப் பயன்படச் செய்கிறது. இப்பயனிலை வினையாகவே இருத்தல் வேண்டும் என்று தமிழிலக்கணம் ஒருபோதும் விதித்ததில்லை. எழுவாய் வேற்றுமை ஏற்கும் முடிபுகளைத் தொல்காப்பியர் ஆறாக வகுத்தார். பொருள் உண்டு எனச் சுட்டுவது, ஏவலை ஏற்பது, தொழிலைக் கூறுவது, வினாவை ஏற்பது, பண்பைக் கூறுவது, பெயரையே முடிபாகக் கொள்வது என்பன அவை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இவற்றைச் சுருக்கி, வினை, பெயர், வினா என மூன்றாக்கினார். "சாத்தன் வந்தான்" என்பது வினைப் பயனிலை, "சாத்தன் தச்சன்" என்பது பெயர்ப் பயனிலை, "சாத்தன் யார்?" என்பது வினாப் பயனிலை. மூன்றும் முற்றுப்பெற்ற வாக்கியங்களே. இரண்டாவதில் ஏதோ ஒரு சொல் தொக்கு நிற்கிறது என்று கொள்ளவேண்டிய தேவையில்லை. தச்சன் என்னும் பெயர் தன் காலிலேயே நின்று வாக்கியத்தைத் தாங்குகிறது.

இதனினும் நுட்பமானது குறிப்பு வினை. நன்னூலார், பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறினடியாகவும் அது தோன்றும் என்பார். நல்லன், நல்லள், நல்லர், நல்லது என்றும், தன்மையில் நல்லேன், முன்னிலையில் நல்லை என்றும் பெயரடி ஒன்று வினைமுற்றைப்போல் திணை பால் இட விகுதி ஏற்று நிற்கும். காலத்தை மட்டும் வெளிப்படையாகக் காட்டாது, குறிப்பாகவே உணர்த்தும். இதனை வியந்து நோக்கியவர்களுள் ஒருவர் கால்டுவெல். 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், பெயர்ச்சொற்களே வினைபோல் விகுதி ஏற்கும் இவ்வமைப்பைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். இவ்வமைப்பு இன்று பேச்சில் பெரிதும் வழக்கிறந்தது எனினும், நம் வழிபாட்டில் இன்றும் உயிரோடிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அடியேன், பாவியேன், ஏழையேன் என்று மன்றாட்டிலும் கீர்த்தனையிலும் நாம் சொல்லும் சொற்கள் இவ்வழி வந்தவையே. 'அடி' என்னும் பெயரோடு தன்மை விகுதி சேர்ந்தவுடன், 'நான் உம் அடியைச் சார்ந்தவன்' என்னும் அறிக்கை முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இதற்கு 'இருக்கிறேன்' என்னும் துணை எதற்கு?

பயனிலையைப் பற்றிய தமிழின் கூரிய உணர்வை எதிர்மறையில் இன்னும் தெளிவாகக் காணலாம். கிரேக்கமும் இலத்தீனும் 'இருக்கிறது' என்னும் ஒரே வினையை மறுத்து இரண்டு வேலைகளைச் செய்துகொள்ளுகின்றன. தமிழோ உண்மையை மறுக்க 'இல்லை' என்றும், தன்மையை மறுக்க 'அல்ல' என்றும் இரு வேறு சொற்களை வைத்திருக்கிறது. சங்கீதம் 14இல் மதிகேடன் தன் உள்ளத்தில் கடவுளை மறுக்கும் சொல் 'இல்லை'. ஓசியா 8:6இல் சமாரியாவின் கன்றுக்குட்டியைப் பற்றித் தீர்க்கன் சொல்லுவது 'அல்ல' என்பதன்பாற்பட்டது. கன்றுக்குட்டி அங்கே இருக்கத்தான் செய்கிறது, பொன்னும் வேலைப்பாடுமாக. ஆனால் அது கடவுள் அல்ல. நாத்திகத்துக்கும் சிலைவழிபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க மேனாட்டு விரிவுரையாளர் ஒரு பத்தி எழுதவேண்டும்; தமிழ்ப் போதகருக்கு இரண்டு சொற்கள் போதும். இந்த வாய்ப்பை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது நம் கருத்து.

ஐரோப்பியர் கொணர்ந்த இலக்கணம்

இனி, தமிழகத்துக்கு வந்த அருட்பணியாளர் எத்தகைய இலக்கண அறிவோடு வந்தனர் என்பதைக் காண்போம். மனிதன் நடக்கிறான் என்பதும் மனிதன் நடக்கிறவனாக இருக்கிறான் என்பதும் பொருளில் வேறுபடா என்று அரிஸ்டாட்டில் எழுதினார். பின்வந்த தருக்கநூலார் இதைப் பற்றிக்கொண்டு, எழுவாய், பயனிலை, அவற்றை இணைக்கும் 'இருக்கிறது' என மூன்று உறுப்புகள் இன்றி எக்கூற்றும் இல்லை என்று கொண்டனர். 1660இல் பாரிசு நகரை அடுத்த போர்ட் ராயல் மடத்தைச் சார்ந்த அர்னோல்டு, லான்சிலோ என்னும் இருவர் வெளியிட்ட பொது இலக்கணம் இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றது. உலகின் வினைச்சொற்கள் அனைத்தினுள்ளும் 'இருக்கிறது' என்னும் ஒரே வினையே மறைந்து நிற்கிறது என்பது அவர்கள் கொள்கை. இத்தகைய கல்வியில் பயின்றவர்களுக்கு "சாத்தன் தச்சன்" என்னும் வாக்கியம் ஓர் உறுப்பு குறைந்ததாகத் தோன்றியிருந்தால் அது வியப்பன்று.

முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1549ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழிலக்கணம் எழுதினார். அது நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு எழுதிய இலத்தீன்வழித் தமிழிலக்கணம் 1716இல் ஆலே நகரில் அச்சாயிற்று. அதற்குள் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் முற்றுப்பெற்றிருந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. வீரமாமுனிவர் 1728இல் கொடுந்தமிழுக்கு ஓர் இலத்தீன் இலக்கணம் இயற்றினார். 1730இல் தொன்னூல் விளக்கத்தைத் தமிழ் மரபைத் தழுவித் தமிழிலேயே இயற்றினார். இவர்தம் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானதோ, அவர் ஓயாது எதிர்த்து எழுதிவந்த அதே லுத்தரன் சபையாரின் தரங்கம்பாடி அச்சகத்தில்! கோட்பாட்டில் இணங்காதவர்களை இலக்கணம் இணைத்தது. இந்நூல்கள் பலவும் ஐரோப்பியர் தமிழ் கற்றற்பொருட்டு, இலத்தீன் கற்றவர்களுக்கு விளங்கும் வகையில் செய்யப்பட்டவை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். இலத்தீனின் 'எஸ்ட்' என்பதற்குத் தமிழில் நேர் எது என்று கேட்டால், 'ஆய்' என்பதோடு 'இரு' என்னும் வினையைக் கூட்டிச் சொல்லுவது எளிய விடை.

'ஆயிரு' என்னும் அமைப்பைத் தமிழுக்கு அயலானது என்று நாம் கூறவில்லை. அதற்குத் தனிப்பொருள் ஒன்று தமிழில் உண்டு. "இவர் ஆயர்" என்பதையும் "இவர் ஆயராயிருக்கிறார்" என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது ஒருவர் இன்னார் என்கிறது. பின்னது அவர் இப்போது இருக்கும் நிலையைச் சொல்லுகிறது. எந்தச் சபையில் என்ற கேள்வி உடனே எழும். அடுத்த ஆண்டு மாற்றம் வரக்கூடும் என்பதும் அதில் தொனிக்கும். முன்னது தன்மை, பின்னது நிலை. இரண்டும் தமிழுக்குத் தேவை. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒரே வினை இரண்டுக்கும் பொதுவாய் நிற்பதால், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் எதனைத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தாகவேண்டியதாயிற்று. முடிவு செய்யாமல் சொல்லுக்குச் சொல் வைத்த இடங்களில்தான் இடர் நேர்ந்தது.

சொல்லுக்குச் சொல் வைப்பதன் தீங்கை உணர்ந்து எழுதியவர் இரேனியுஸ். 1827இல் திருமறை மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றி, சிறப்பாகத் தமிழை முன்வைத்து, அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1834இல் அவருடைய தமிழிலக்கணம் வெளிவந்தது. மூலத்தின் கருத்தைத் தமிழின் இயல்பில் தருதலே கடமை என்பது அவர் நிலை. ஆயினும் சபையாரின் செவியில் நிலைத்தது அவருடைய மொழிபெயர்ப்பு அன்று. பப்ரிசியுஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் அளித்த மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, ஹென்றி போவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமமே நிலைத்தது. போவரைத் தமிழிலக்கணம் அறியாதவர் என்று எவரும் சொல்லமுடியாது. சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தவர் அவர். 1876இல் நன்னூலுக்கு ஓர் ஆங்கில அறிமுகநூலும் செய்தார். முத்தையா பிள்ளை என்னும் தமிழ்ப்புலவர் அவருக்கு உறுதுணை. ஆகவே, 1871ஆம் ஆண்டுத் திருமறையில் 'ஆயிருக்கிறது' மிகுந்திருப்பதை அறியாமை என்று தள்ளிவிடாமல், இடம் நோக்கி ஆராய்தலே முறை.

எபிரேயத்தின் பெயர்த்தொடர்

எபிரேயம் இவ்வகையில் தமிழுக்கு உறவுடையதுபோல் நடந்துகொள்ளுகிறது. அதிலும் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நின்று வாக்கியமாகும். இடையே 'இருக்கிறது' வேண்டுவதில்லை. சங்கீதம் 23இன் முதற்கூற்று எபிரேயத்தில் இரண்டே சொற்கள். ஒன்று ஆண்டவரின் திருப்பெயர். மற்றது 'என் மேய்ப்பர்' அல்லது 'என்னை மேய்ப்பவர்' என்னும் சொல். நம் இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் என்கிறோமே, அதற்கு ஒப்பானது அது. கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இதனை 'மேய்க்கிறார்' என்று வினைமுற்றாக்கியது. 1871ஆம் ஆண்டுத் தமிழ் 'மேய்ப்பராயிருக்கிறார்' என்று நீட்டியது. மூலத்தில் இல்லாத சொல், தமிழுக்கும் தேவையற்ற சொல், ஆனாலும் வந்து நிற்கிறது. அதனால் வாக்கியத்துக்கு ஓர் இசை வாய்த்தது என்பதையும், அவ்விசையோடுதான் நம் தாய்மார் அதை மனப்பாடம் செய்து மரணப்படுக்கையிலும் சொன்னார்கள் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பொருளில், ஆண்டவர் மேய்ப்பர் என்னும் தன்மைக் கூற்று, மேய்ப்பர் பணியில் இருக்கிறார் என்னும் நிலைக் கூற்றை நோக்கிச் சற்றே சரிந்துவிட்டது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் 'ஆயர்' என்னும் பெயரிலேயே வாக்கியத்தை முடித்துவிடுகிறது.

போவர் எல்லா இடத்திலும் இவ்வாறு செய்தாரல்லர். இஸ்ரவேலின் விசுவாச அறிக்கையாகிய உபாகமம் 6:4 நான்கு எபிரேயச் சொற்களால் ஆகிய பெயர்த்தொடர். எழுவாய் எங்கே முடிகிறது, பயனிலை எங்கே தொடங்குகிறது என்பதே அறிஞரிடையே தீராத வழக்கு. 'நம் தேவன்' என்பது பயனிலையா, அன்றி ஆண்டவர் பெயரோடு ஒட்டி நிற்பதா? தமிழ் 'ஆகிய' என்னும் ஒரு சொல்லால் அதனை எழுவாயோடு சேர்த்துவிட்டு, இறுதியில் 'கர்த்தர்' என்னும் பெயரையே பயனிலையாக நிறுத்தியது. அங்கே 'ஆயிருக்கிறார்' இல்லை. பிலிப்பியர் 2:11இன் அறிக்கையிலும் இல்லை. கிரேக்கத்திலும் அவ்விடத்தில் அவ்வினை இல்லை. அறிக்கை சுருக்கமாக இருக்கவேண்டும் என்பதை மொழியே உணர்த்தியதுபோலும்.

இதற்கு நேர்மாறானது யாத்திராகமம் 3:14. அங்கே எபிரேயம் வெறும் பெயர்த்தொடராக நில்லாமல், 'இரு' என்னும் பொருளுடைய வினையை வெளிப்படையாக மும்முறை ஆளுகிறது. இரண்டு வசனங்களுக்கு முன், மோசேயோடு உடனிருக்கும் வாக்குறுதியில் வருவதும் இதே 'எஹ்யெ' என்னும் வினைதான். நம் திருமறை 12ஆம் வசனத்தில் அதனை 'இருப்பேன்' என்று எதிர்காலத்திலும், 14ஆம் வசனத்தில் 'இருக்கிறேன்' என்று நிகழ்காலத்திலும் பெயர்த்துள்ளது. ஆகவே தமிழ் வாசகருக்கு 14ஆம் வசனம் கடவுளின் உள்பொருளைப் பற்றிய தத்துவமாகவும், 12ஆம் வசனம் துணையிருப்பைப் பற்றிய ஆறுதலாகவும் பிரிந்து கேட்கின்றன. எபிரேயச் செவிக்கு அவை ஒன்றே. 'இருக்கிறவர்' என்னும் வழக்கு எழுபதின்மர் பெயர்ப்பின் வழியாகத் திருச்சபைக்கு வந்தது. மூலவினையே நிற்கும் இவ்விடத்தில் தமிழ் 'இரு' என்பதை விட முடியாது, விடவும் கூடாது. காலத்தை ஒன்றாக்கியிருந்தால் போதுமானது.

'நானே' என்னும் பயனிலை

யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தம்மைக் குறித்துக் கூறும் 'எகோ எய்மி' வாக்கியங்களே நம் ஆராய்ச்சியில் சுவைமிக்க பகுதி. கிரேக்கத்தில் இவை ஒரே அச்சில் வார்த்தவைபோல் அமைந்துள்ளன. 1871ஆம் ஆண்டுத் தமிழிலோ மூன்று வகையாகப் பிரிகின்றன. 6:35இல் அப்பம் எழுவாயாக முன்வர, 'நானே' பயனிலையாகக் கடைசியில் நிற்கிறது. 10:9, 10:11, 15:1 ஆகியவற்றில் வாசல், மேய்ப்பன், செடி என்னும் பெயர்கள் துணையின்றிப் பயனிலையாகின்றன. 8:12, 11:25, 14:6 ஆகியவற்றில் மட்டும் 'ஆயிருக்கிறேன்' வருகிறது.

இதனை ஒழுங்கின்மை என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் 1941இல் வெளிவந்த தம் யோவான் விரிவுரையில் ருடால்ஃப் புல்ட்மன் இவ்வாக்கியங்களை வகைப்படுத்தியதை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றில் 'நான்' என்பது எழுவாயன்று, பயனிலை என்றார் அவர். மக்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அப்பம் யார், ஒளி யார், மேய்ப்பன் யார் என்னும் வினாவுக்கு 'நான்தான்' என்பது விடை. 11:25, 14:6 ஆகிய இரண்டு மட்டும் பெரும்பாலும் வேறு வகையின. அங்கே பேசுகிறவர் தம்மை மற்றொன்றோடு ஒன்றுபடுத்திக் கூறுகிறார் என்று அவர் கருதினார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் திருமறை, 8:12 ஒன்று நீங்கலாக, இதே கோட்டில் பிரிந்து நிற்கிறது! போவரும் முத்தையா பிள்ளையும் எதனைக் கருதி இவ்வாறு செய்தனர் என்று நாம் துணிந்து கூற இயலாது. மேய்ப்பன், வாசல் போன்ற பருப்பொருட் பெயர்கள் எளிதில் பயனிலையாகின்றன; உயிர்த்தெழுதல், சத்தியம் போன்ற கருத்துப்பெயர்களைத் தன்மை எழுவாயோடு நேரே நிறுத்தத் தமிழ்ச்செவி தயங்குகிறது என்பதே காரணமாயிருக்கலாம். எக்காரணத்தாலாயினும், தேற்றேகாரம் 'நான்' என்பதோடு சேர்ந்த இடங்களில், எழுவாய் எது பயனிலை எது என்று கிரேக்கம் மறைத்து வைத்ததைத் தமிழ் வெளிப்படுத்திவிட்டது.

8:12 பற்றி ஒன்று கூறவேண்டும். கிரேக்கத்தில் அவ்விடத்து 'ஒளி' என்னும் பயனிலை சுட்டிடைச்சொல் பெற்றுள்ளது. 9:5இல் பெறவில்லை, 'எகோ' என்னும் சொல்லும் இல்லை. அஃதாவது முன்னது 'உலகின் ஒளி எது' என்பதற்கு விடை. பின்னது உலகில் இருக்கும்வரை அவர் ஆற்றும் தொழிலைக் கூறுவது. நம் திருமறை இரண்டையும் 'ஒளியாயிருக்கிறேன்' என்றே முடிக்கிறது. 9:5க்கு அது மிகப் பொருத்தம், 8:12க்குப் பொருத்தமன்று. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் 8:12, 10:11, 11:25, 14:6, 15:1 ஆகிய அனைத்தையும் 'நானே' என்று முடித்துவிட்டது. ஒழுங்கு நன்று, ஆயினும் புல்ட்மன் கண்ட வேறுபாடு அங்கே மறைந்துபோயிற்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

இருந்தது, ஆயிற்று

யோவான் 1:1இன் இறுதிக் கூற்றில் 'தேவன்' என்னும் பயனிலை கிரேக்கத்தில் வினைக்கு முன்னும் சுட்டிடைச்சொல் இன்றியும் வருகிறது. வினைக்கு முன்வரும் பயனிலைப் பெயர் திட்டமான பொருளுடையதாயினும் அவ்விடைச்சொல்லைப் பெரும்பாலும் இழக்கும் என்று கோல்வெல் 1933இல் காட்டினார். அத்தகைய பெயர் முதன்மையாக எழுவாயின் இயல்பை உணர்த்துவது என்று ஹார்னர் 1973இல் எழுதினார். தமிழில் அத்தகைய இடைச்சொல்லே இல்லையாதலால் அப்போராட்டம் நமக்கு நேரடியாக இல்லை. நமக்கு உள்ள இடர் வேறு. 'வார்த்தை' அஃறிணை. ஆகவே 'தேவன்' என்னும் உயர்திணைப் பெயர் பயனிலையில் வந்தும், அதனைத் தாங்கும் வினை 'இருந்தது' என்று அஃறிணையில் முடிகிறது. அடுத்த வசனத்திலேயே நம் திருமறை 'அவர்' என்று உயர்திணைக்கு ஏறிவிடுகிறது. கிரேக்கத்தில் 'லோகோஸ்' ஆண்பாலாதலால் இப்படி ஏறவேண்டிய தேவை இல்லை. முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையே தமிழ் வாசகர் மட்டும் ஒரு படியைக் கடக்கிறார்.

ஆயினும் இவ்விடத்தில் 'ஆயிருந்தது' தேவையே என்பது நம் துணிபு. பெயர்ப் பயனிலை காலம் காட்டாது. யோவானோ இங்கே காலத்தைக் கொண்டே பேசுகிறார். வார்த்தையைப் பற்றி 'ஏன்', அஃதாவது 'இருந்தது' என்கிறார். படைப்பைப் பற்றியும் மாம்சமானதைப் பற்றியும் 'எகெனெட்டோ', அஃதாவது 'ஆயிற்று' என்கிறார். தமிழும் 'இரு' என்பதை வார்த்தைக்கும், 'உண்டாகு', 'ஆகு' என்பவற்றை 3, 14ஆம் வசனங்களுக்கும் ஒதுக்கி இவ்வேறுபாட்டைக் காத்தது. 8:58இல் ஆபிரகாமுக்கு 'உண்டாகு' என்பதும் ஆண்டவருக்கு 'இரு' என்பதும் வருவது இதே நூலிழைதான். இங்கே துணைவினையை நீக்கி 'வார்த்தை கடவுள்' என்று முடித்தால் நடை அழகாகும். நற்செய்தியாளரின் வாதம் அறுந்துபோகும். 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் இங்கே 'இருந்தது' என்பதை விடவில்லை.

1 யோவான் 4:8 மிகக் கடினமான இடம். 'அன்பாயிருக்கிறார்' என்பது அன்றாடத் தமிழில் நடத்தையைக் குறிக்கும். "மாமியார் மருமகளிடம் அன்பாயிருக்கிறார்" என்கிறோம், நாளை மாறலாம். 1871ஆம் ஆண்டுத் திருமறை 'அன்பாகவே' என்று ஓர் ஏகாரம் சேர்த்து, முழுவதும் அன்பு, அன்பன்றி வேறில்லை என்னும் பொருளைக் காக்க முயன்றது. அந்த ஒற்றை எழுத்து ஆற்றும் தொண்டு பெரிது. 1995இல் அது நீங்கியது இழப்பு என்றே நாம் கருதுகிறோம். அப்படியானால் 'கடவுளே அன்பு' என்று பெயரில் முடிக்கலாகாதோ எனின், எழுவாயும் பயனிலையும் இடம் மாறக்கூடிய சமன்பாடாக அது கேட்கப்படும். திருமூலர் அன்பையும் சிவத்தையும் இரண்டல்ல என்று பாடிய நாட்டில் இப்பொருள் உடனே எழும். கிரேக்கம் 'கடவுள்' என்பதற்கு மட்டும் சுட்டிடைச்சொல் தந்து, கூற்றைத் திருப்பிப் போடுவதைத் தடுக்கிறது. அகுஸ்தீன் இந்நிருபத்தின் விரிவுரைகளில் 'அன்பு கடவுள்' என்று திருப்பிச் சொல்லவும் துணிந்தார் என்பது உண்மையே. ஆனால் அது விரிவுரையாளரின் துணிவு, மொழிபெயர்ப்பாளருக்கு உரியதன்று.

மேசைமேல் எழுதிய சொல்

1529 அக்டோபரில் மார்பர்க் அரண்மனையில் லுத்தரும் சுவிங்கிளியும் திருவிருந்தைப் பற்றி வாதிடக் கூடியபோது, லுத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் 'இது என் உடல்' என்னும் பொருளுடைய நான்கு இலத்தீன் சொற்களை எழுதிவைத்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. வழக்கு அவற்றுள் இரண்டாம் சொல்லாகிய 'எஸ்ட்' என்பதைப் பற்றியது. அதற்கு 'குறிக்கிறது' என்பதே பொருள் என்றார் சுவிங்கிளி; பார்வோனின் கனவில் ஏழு பசுக்கள் ஏழு ஆண்டுகள் என்பதுபோல என்றார். எக்கொலம்பாடியுசு உருவகம் வினையில் இல்லை, 'உடல்' என்னும் பயனிலைப் பெயரில் இருக்கிறது என்றார். லுத்தர் எச்சொல்லும் தன் நேர்ப்பொருளிலேயே நிற்கும் என்று அசையாதிருந்தார். எஞ்சிய கருத்துகளில் இணங்கியும் இந்த ஒன்றில் இணங்காமல் அவர்கள் பிரிந்தனர்.

ஆண்டவர் பேசிய அரமேய மொழியிலும் இத்தகைய வாக்கியத்துக்கு 'எஸ்ட்' தேவையில்லை. தமிழிலும் தேவையில்லை. சுவிங்கிளி தமிழராக இருந்திருப்பின், பொருள் மாற்றுவதற்கு அவர் கையில் ஒரு வினையே இருந்திராது. எக்கொலம்பாடியுசின் பக்கம் ஒதுங்கியிருக்கவேண்டும். ஆனால் 1871ஆம் ஆண்டுத் திருமறை மத்தேயு 26:26இல் 'சரீரமாயிருக்கிறது' என்று கிரேக்கத்தின் 'எஸ்டின்' என்னும் வினைக்கு நேராக ஒன்றை வைத்துள்ளது. லுத்தரன் மரபில் வந்த பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை அடியாகக் கொண்ட நூலில் இச்சொல்லைப் பேணியது இயல்பே என்று தோன்றலாம். ஆயின் அதே திருமறையில் 1 கொரிந்தியர் 10:4ஐத் திறந்து பாருங்கள். வனாந்தரத்துக் கன்மலை கிறிஸ்து என்னும் அக்கூற்றைச் சுவிங்கிளியின் பக்கத்தார் உருவகத்துக்குச் சான்றாகக் காட்டினர். பவுல் 'ஞானக்' கன்மலை என்கிறார், ஆகவே அங்கும் உருவகமில்லை என்று லுத்தர் மறுத்தார். கிரேக்கத்தில் அவ்விடத்தில் 'இருந்தது' என்னும் வினை வெளிப்படையாக உண்டு. தமிழோ அதனை விட்டுவிட்டு, 'கிறிஸ்துவே' என்று தேற்றேகாரம் பெற்ற பெயரில் முடிக்கிறது. தமிழ்ச்செவிக்கு இவ்விரண்டில் வலிவுடைய ஒருமைக் கூற்று கன்மலையைப் பற்றியதே, அப்பத்தைப் பற்றியதன்று. அப்பத்தைப் பற்றிய கூற்று 'ஆயிருக்கிறது' என்பதால், இப்போது இந்நிலையில் இருக்கிறது என்னும் பொருளை நோக்கிச் சாய்கிறது. லுத்தர் எந்தச் சொல்லைக் காக்கப் போராடினாரோ, அச்சொல்லைத் தமிழில் வைத்ததாலேயே அவர் காக்க விரும்பிய பொருள் மெலிந்தது.

1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அவ்விடத்தில் 'உடல்' என்னும் பெயரோடு நிறுத்திக்கொண்டது. மார்பர்க் மேசையில் இருந்த இரண்டாம் சொல் அதில் இல்லை. ஆனால் பழைய திருமறையின் வார்த்தைகளிலேயே அப்பத்தைப் பிட்டுப் பழகிய சபைகளில் அச்சொல் இன்றும் ஒலிக்கிறது.